யானைக்கால் நோய் இரத்தச் சோதனை

யானைக்கால் நோயை உண்டாக்கும் வூசெரேரியா பான்கிராஃப்டி புழு உடலில் இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்த்து அறியும் முறை. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு இந்நோயைப் பரப்புவதால், புதுச்சேரி நகரில் இச்சோதனைக்குத் தனி இடம் உண்டு.

முதிர்ந்த புழு நிணநீர் நாளங்களுக்குள் பதுங்கிவிடும். அது ஈனும் நுண்புழுக்களே இரத்தத்துக்கு வரும், அதுவும் நள்ளிரவை ஒட்டி. சீனாவில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் 1870களின் இறுதியில் இதைக் கண்டறிந்தார். அதனால் சுகாதார ஊழியர்கள் இரவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, தூங்குபவர்களை எழுப்பி, விரலில் குத்தி ஸ்லைடில் இரத்தம் எடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் (ஐ.சி.எம்.ஆர்.) 1975இல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரில் நடத்திய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் இந்த இரவு இரத்தம்தான் அளவுகோல். கால் வீங்கியவரின் ஸ்லைடில் பெரும்பாலும் நுண்புழு தெரியாது. வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பவரின் இரத்தத்தில் அது நிறைய இருக்கலாம்.

கிருமியை நேரில் தேடாமல், இரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைக் கொண்டு நோயறியும் வழியை 1896இல் பாரிஸில் ஃபெர்னான் விடால் டைபாய்டுக்குக் காட்டியிருந்தார். நோயாளியின் சீரத்தில் உள்ள எதிர்ப்பொருள் பட்டதும் கிருமிகள் ஒட்டித் திரளும். யானைக்காலுக்கு இது கைகொடுக்கவில்லை. பல்லாண்டு கொசுக்கடி பட்ட ஊரில் எதிர்ப்பொருள் பலரிடமும் இருக்கும். வேறு புழு இருந்தாலும் சோதனை பாசிட்டிவ் காட்டிவிடும். தேட வேண்டியது உடலின் எதிர்ப்பை அல்ல, புழு கசியவிடும் ஆன்டிஜென் என்ற பொருளை.

அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் விலங்குப் புழுக்களின் துணையால் கிடைத்தன என்பது இவ்வரலாற்றின் அழகான திருப்பம். ஆஸ்திரேலியாவில் மாட்டுப் புழுவைக் கொண்டு ஒன்றும், அமெரிக்காவில் நாயின் இதயப்புழுவைக் கொண்டு மற்றொன்றும் உருவாயின. இரண்டாவதை வைத்து 1990களின் பிற்பகுதியில் ஐ.சி.டி. எனும் சோதனை அட்டை வந்தது. 100 மைக்ரோலிட்டர் இரத்தம் விட்டு அட்டையை மூடி, சரியாக 10 நிமிடத்தில் பார்க்க வேண்டியிருந்தது: இரண்டு கோடு தெரிந்தால் தொற்று உண்டு. தாமதித்தால் இல்லாத கோடும் தோன்றும். பகலிலேயே எடுக்கலாம் என்பதே பெரிய விடுதலை.

இந்தியா 2004இல் ஆண்டுக்கொரு முறை டி.இ.சி. எனும் புழுக்கொல்லி மாத்திரையை ஊருக்கே கொடுக்கத் தொடங்கியது. பல சுற்றுகள் முடிந்த இடங்களில் 6, 7 வயதுக் குழந்தைகளிடம் ஆன்டிஜென் சோதனை செய்யப்படுகிறது. அவர்கள் மாத்திரை விநியோகக் காலத்தில் பிறந்தவர்கள். அவர்கள் இரத்தத்தில் ஆன்டிஜென் இருந்தால், அண்மைக்காலத்திலும் அவ்வூரில் நோய் பரவியிருக்கிறது என்று பொருள்.