ஆகாய கங்கையும் பதினான்கு நாடும்



ஆடிப் பதினெட்டாம் நாள் கொல்லிமலை அறப்பள்ளீசுவரரை வழிபடச் செல்லும் அடியார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஆகாய கங்கையில் நீராடுவர். ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்று வீழும் அவ்வருவி ஐயாற்றின் நீர். அது மலையடியில் புளியஞ்சோலையைக் கடந்து சென்று காவிரியில் கலக்கின்றது.

அப்பரடிகளின் திருவாக்கில் இடம்பெற்ற வைப்புத்தலம் இது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலையும் இதுவே. காரியின் கையில் ஓரி மாண்டான். மலை சேரர் வசமாயிற்று. அரசுகள் பல வந்து மறைந்தன. ஆயினும் ஊர்கள் பல கூடி ஒரு நாடாக நிற்கும் பழைய முறை இங்கு இன்றும் அழியவில்லை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, பெரக்கரை நாடு என மலைமேல் நாடுகள் பதினான்கு. அங்கு வாழும் மலையாளி மக்கள், தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்பர்.

மலையுச்சியில் பொழியும் மழையை இம்மக்களின் சோலைகளும் பள்ளவயல்களுமே தாங்கி, ஊற்றாக்கி, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு ஈகின்றன. ஆகவே அருவியைப் போற்றுவோர் அவ்வூர்களை மறத்தல் ஆகாது. முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பலவற்றில், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மரவள்ளி பரவிற்று. கிழங்கு அகழுங்கால் மண் இளகி மழையோடு செல்லும். எனினும் குடும்பம் காக்கப் பணப்பயிர் நாடிய ஏழை உழவரைக் குறைகூறல் நமக்கு அழகன்று. அவர் விளைத்த சிறுதானியத்தை நல்விலைக்கு வாங்குவோர் இருப்பின், அப்பயிர் மீண்டும் தழைக்கும்.

இத்தலத்து மீன்களின் வரலாறு யாவரும் அறிந்ததே. ஆற்றுமீனைப் பிடித்து அறுத்துச் சமைத்தபோது, அத்துண்டங்கள் ஒன்றுகூடி உயிர்பெற்று ஆற்றில் துள்ளின என்பர். அதனால் அறுத்த மீனைப் பொருத்திய பெருமான் என இறைவனைப் போற்றுகின்றோம். இன்றும் அடியார்கள் அம்மீன்களுக்குப் பொரியிட்டு மகிழ்கின்றனர்.

பொரியிட்ட கையாலேயே பிளாஸ்டிக் பையை நீரில் எறிதல் தகுமோ? உடுத்த ஆடையை அருவியில் களைந்துவிட்டு வருதல் புண்ணியமோ? நாம் விடும் அழுக்கு ஐயாற்றோடு கீழுள்ள ஊர்களின் குடிநீரையும் சேரும். அறுத்ததைப் பொருத்துதல் ஆண்டவன் அருள். அறுக்காதிருத்தல் அடியார் கடன். வரும் ஆடியில் நீராடச் செல்வோர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.