உட்வொர்த்தின் வினாத்தாள்: மனவெழுச்சி நிலைப்பாட்டை அளக்கும் முயற்சியின் தொடக்கம்

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, ஐரோப்பியப் போர்முனைகளிலிருந்து வந்த செய்திகள் அந்நாட்டு உளவியலாரின் கவனத்தை ஈர்த்தன. உடலிற் காயமேதுமின்றியே வீரர் பலர் பேச்சிழந்தும் நடுக்குற்றும் செயலற்றுப் போயினர். 'ஷெல் ஷாக்' எனப்பட்ட இந்நிலைக்கு ஆளாகக்கூடியோரைப் படையிற் சேர்க்கும்போதே கண்டறிய இயலுமா என்பது அன்று எழுந்த வினா. இலட்சக்கணக்கானோரை மனநல மருத்துவர் தனித்தனியே ஆராய்தல் நடவாத செயலன்றோ?

கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் உட்வொர்த், மருத்துவர் வாய்மொழியாகக் கேட்பனவற்றைத் தாளில் அச்சிட்டுத் தர முற்பட்டார். நரம்புத்தளர்ச்சியுற்றோர் பற்றிய குறிப்புகளிலிருந்து அறிகுறிகளைத் திரட்டி, 'ஆம்' அல்லது 'இல்லை' என விடையிறுக்கத்தக்க வினாக்களாக்கினார். உறக்கம், இளமைக்கால மகிழ்ச்சி, ஆற்றுப்பாலத்தைக் கடக்கையில் தோன்றும் அச்சம் முதலியன அவற்றுள் இடம்பெற்றன. நலமுடையோருள் காற்பங்கினரோ அதற்கு மேற்பட்டோரோ பாதகமான விடையளித்த வினாக்களை அவர் நீக்கினார். இறுதியில் 116 வினாக்கள் அமைந்தன. இந்நீக்கல் முறையே அவருடைய பணியின் உயிர்நிலை என நாம் கருதுகிறோம். எவ்வச்சம் இயல்பானது, எது நோய்க்குறி என்பதை அறிஞரின் ஊகம் மட்டுமே முடிவுசெய்யவில்லை. நலமுடையோரின் விடைகளும் முடிவுசெய்தன.

எனினும், வினாத்தாள் பயன்பாட்டுக்கு வருமுன்பே, 1918 நவம்பரில் போர் ஓய்ந்தது.

இதன்பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்குரியது. உட்வொர்த்தின் தாள் ஒரு சல்லடை மட்டுமே. ஐயத்திற்குரியோரைப் பிரித்து மருத்துவரிடம் அனுப்புவதே அதன் நோக்கம். 1920களில் பள்ளிப் பிள்ளைகளுக்கான வடிவமும், 1930இல் தர்ஸ்டன் இணையரின் வினாத்தொகுப்பும் தோன்றின. மருத்துவரின் நேர்காணல் பின்தள்ளப்பட்டு, மதிப்பெண் முன்னிற்கலாயிற்று. அறிகுறிகளின் கூட்டுத்தொகையே ஒருவரின் குணம் என்று கொள்ளும் போக்கு வேரூன்றியது.

தன்னைப்பற்றித் தானே கூறுவோன் மெய்தான் கூறுகிறானா? போருக்கு அஞ்சியவன் இல்லாத நோயை ஏற்றிச் சொல்லலாம். வேலை வேண்டுவோன் உள்ளதையும் மறைக்கலாம். தன் விடைகளை ஆசிரியர் படிப்பார் என அறிந்த மாணவனின் நிலையும் இத்தகையதே. 1943இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட வினாத்தொகுப்பு இவ்விடர்ப்பாட்டை நேரடியாக எதிர்கொண்டது. எவரிடத்தும் காணப்படும் சிறு குறைகளைப் பற்றிய 15 கூற்றுகள் அதில் ஆங்காங்கே இடப்பட்டிருந்தன. அக்குறைகளுள் பலவும் தம்மிடம் இல்லை என்றவரின் ஏனைய விடைகள் ஐயத்திற்குரியனவாகக் கொள்ளப்பட்டன.