கொல்லிமலைச் சிறுதானியப் பொருளாதாரம்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த மேட்டுநிலம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலைமேலுள்ள செம்மேடு என்னும் ஊர் வரும். மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் அவர்களுடைய அன்றாட உணவாக இருந்தவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவை வயலிலிருந்தும் வட்டிலிலிருந்தும் வேகமாக மறைந்தன. சென்னை தரமணியிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மலை உழவர்களும் சேர்ந்து 1990-களிலிருந்து அவற்றை மீட்க எடுத்த முயற்சி, ஒரு வட்டாரத்தின் உணவையும் உழவையும் உள்ளிருந்தே வலுப்படுத்தியதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் தெளிவான சான்றுகளில் ஒன்று.

மலையில் விளைந்த சிறுதானியங்களில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவை முதன்மையானவை. ஒவ்வொன்றிலும் பல நாட்டு ரகங்கள் உண்டு. சாமையில் மட்டும் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலச்சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை எனப் பெயர்கள் நீள்கின்றன. சரிவு நிலத்துக்கு ஏற்றது எது, மழை பிந்தினாலும் தாங்குவது எது, சோற்றுக்கு உகந்தது எது என்ற அறிவு தலைமுறை தலைமுறையாக இந்த ரகங்களோடு சேர்ந்தே கைமாறி வந்தது.

பயிர் மாறியதற்குக் காரணம் உழவரின் அறியாமை என்று சொல்வது தவறு. சேலம், நாமக்கல் சமவெளியில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகள் பெருகியபோது குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிக்கு உறுதியான வாங்குவோர் கிடைத்தனர். 1981-ல் சேலத்தில் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவு ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கு விற்பனை வழியை ஒழுங்குபடுத்தியது. சாலை மேம்பட்டதும் கிழங்கு லாரி மலையேறி வந்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் ரொக்கம் தேவைப்பட்ட குடும்பம், கையில் பணம் தரும் பயிரைத் தேர்ந்தது நியாயமே. ஆனால் கிழங்கு விலை ஆலைகளின் தேவையோடு ஏறி இறங்கும். விலை விழுந்த ஆண்டில் அந்த வயலில் வீட்டுச் சோற்றுக்கான தானியமும் இருக்காது. சரிவு நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மேல்மண் தளர்ந்து மழையில் கரைந்து போவதும் உண்டு.

இன்னொரு காரணம் பெண்களின் உழைப்பு. கேழ்வரகுக்கு உமி நீக்கும் வேலை அதிகமில்லை. கதிரடித்துத் தூற்றி, அரைத்தால் மாவு. சாமை, தினை, பனிவரகு அப்படியல்ல. தானியத்தை இறுகப் பற்றிய கடினமான உமியை உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தித்தான் அரிசியாக்க முடியும். வயல் வேலை, விறகு, தண்ணீர் எல்லாம் முடித்த பிறகு பெண்கள் செய்த வேலை இது. பின்னர் நியாயவிலைக் கடையில் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011-லிருந்து விலையில்லாமலும் கிடைத்தது. பசியைத் தடுத்த பெரும் ஏற்பாடு அது. அந்த அரிசி இருக்கையில் சாமை குத்த எந்தப் பெண்ணும் விரும்பாததில் வியப்பில்லை. சிறுதானியம் சத்தானது என்ற பிரசாரம் பல இடங்களில் பலன் தராமல் போவதற்குக் காரணம், அது இந்த உலக்கையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததே.

1988-ல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வித்தாக அமைந்தது, வேளாண் அறிவியலாளர் சுவாமிநாதன் 1987-ல் பெற்ற முதல் உலக உணவுப் பரிசு. கொல்லிமலையில் இந்நிறுவனம் பாதுகாத்தல், பயிரிடல், உண்ணல், விற்றல் ஆகிய நான்கையும் ஒரே சங்கிலியாகக் கொண்டது. ஊர்தோறும் சமூக விதை வங்கிகள் அமைந்தன. விதை கடன் பெற்றவர் அறுவடைக்குப் பின் கூடுதல் விதையாகத் திருப்பித் தந்தார். விதை சேமிக்க, தொம்பை என்னும் பழைய குதிர் முறையும் பயன்பட்டது. கைவிதைப்புக்குப் பதில் வரிசை விதைப்பு பழக்கப்பட்டது. இதனால் விதையளவு குறைந்து களையெடுப்பு எளிதானது. குச்சிக்கிழங்கை ஒழிக்கச் சொல்லாமல் அதனோடு சிறுதானியத்தை ஊடுபயிராக்கும் முறையும் முயலப்பட்டது. உழவரின் பணத்தேவையை மதித்த அணுகுமுறை இது.

முயற்சியின் திருப்புமுனை மலைமேலேயே நிறுவப்பட்ட சிறு உமிநீக்கும் எந்திரங்களும் மாவு எந்திரங்களும்தான். நாட்டின் பல பகுதிகளில் விளையும் சாமை, உமியோடு மூட்டையாகி நாசிக் போன்ற தொலைதூர ஆலை நகரங்களுக்குப் போய், அரிசியாகித் திரும்புவது நெடுநாள் வழக்கம். அப்படிப் போகும்போது கூலியும் இலாபமும் தவிடும் விளைந்த ஊருக்கு வெளியே தங்கிவிடும். கொல்லிமலை எந்திரங்களை மகளிர் சுயஉதவிக் குழுக்களும் உழவர் குழுக்களும் நடத்தின. வீட்டுச் சமையலுக்குக் குத்திக்கொள்வது எளிதானதால் சாமை அடுப்புக்குத் திரும்பியது. மிச்சம் ரவை, மாவு, சத்துமாவு, உப்புமா கலவை என விற்பனைக்குப் போனது. எந்திரம் எளிதாக வாய்த்துவிடவில்லை. தானியத்துக்குத் தானியம் பருமன் வேறுபடுவதால், ஒன்றுக்குச் சரியான எந்திரத்தில் இன்னொன்று நொறுங்கும். மின்சாரமும் பழுதுபார்ப்பும் மலையூர்களில் இன்றும் சிக்கல்களே.

2001-ல் தொடங்கிய, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் ஆதரித்த புறக்கணிக்கப்பட்ட பயிர்கள் திட்டத்தில் கொல்லிமலையும் இடம்பெற்றது. அதே திட்டம் பொலிவியா, பெரு நாடுகளின் ஆண்டிஸ் மலைத் தானியங்களிலும் பணியாற்றியது. அங்கு விளையும் கீன்வாவின் விலை வெளிநாட்டு மோகத்தால் 2014 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு சரிந்தது. தொலைதூரத்து வாடிக்கையாளரின் விருப்பத்தையே நம்பும் மலை உழவருக்கு அது எச்சரிக்கை. கொல்லிமலையின் குழுக்கள் கூட்டமைப்பாக இணைந்து ‘கொல்லிஹில்ஸ் நேச்சுரல் புராடக்ட்ஸ்’ என்ற பெயரில் பொருள்களைச் சந்தைப்படுத்தின. இன்று சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மளிகைக் கடைகளில் சாமையும் தினையும் சிறு பொட்டலங்களாக, அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. அந்தக் கூடுதலில் எவ்வளவு மலைக்குப் போகிறது என்பதை உமி எங்கே நீக்கப்பட்டது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

அரசுக் கொள்கை மெல்ல நெருங்கி வருகிறது. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொது விநியோகத்தில் சிறுதானியத்துக்கும் இடமளித்தது. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. அதற்கான கேழ்வரகு உழவர்களிடமிருந்தே நேரடியாகக் கொள்முதலாகிறது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துள்ள தானியம் அது. 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு கேழ்வரகுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். சாமை, தினை, பனிவரகு ஆகியவை அந்த ஆதரவு விலைப் பட்டியலில் இல்லை. கொல்லிமலையின் தனித்தன்மையான ரகங்களில் பெரும்பகுதி இந்தப் பயிர்களைச் சேர்ந்தது.