‘ரீஸ்டோர்’ பிறந்த கதை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது சிக்னல் அறுந்துபோகலாம். வழியெல்லாம் லேப்டாப்பில் திருத்திய நிரல் முழுக்கத் தவறு என்று செம்மேட்டில் இறங்கும்போது தெரிந்தால்? நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் மென்பொருளில் ‘கிட் ரீஸ்டோர்’ என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். திருத்தங்கள் போய்விடும். இணையமே வேண்டாம்.

இந்த நிம்மதி மெல்லத்தான் வந்தது. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் தொடங்கிய எஸ்சிசிஎஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில், திருத்த எடுத்த கோப்பை வேண்டாமென்று விட ‘அன்கெட்’ இருந்தது. பின்னால் பரவிய சிவிஎஸ்ஸில் பலரும் கையாண்டது முரட்டு வழி: கெடுத்த கோப்பை அழித்துவிட்டு, ‘அப்டேட்’ கொடுத்து சர்வரிலிருந்து மறுபடி இறக்குவது. சர்வர் எட்டாவிட்டால் காத்துக் கிடக்க வேண்டும்.

அதை மாற்றியது சப்வெர்ஷன். 2004 பிப்ரவரியில் 1.0 பதிப்பு கண்ட இந்த மென்பொருள், ஒவ்வொரு கோப்புக்கும் கைபடாத பிரதி ஒன்றை நம் கணினியிலேயே மறைத்து வைத்தது. மலைவாசிகள் விதைச் சாமையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை உலையில் போடுவதைப் போல. வட்டில் இடம் இரட்டிப்பானாலும், ‘ரிவர்ட்’ செய்ய சர்வர் தேவைப்படவில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் பெரிய திருப்பம் இதுதான்.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், வரலாறு முழுவதையுமே நம் கையில் தந்தது. ஆனால் பெயரில் ஒரு வினை. நிரலின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாறுவதற்கும் ‘செக்கவுட்’, திருத்தங்களைத் தூக்கி எறிவதற்கும் அதே ‘செக்கவுட்’. கிளை மாறும்போது நம் திருத்தம் அழியும் என்றால் கிட் மறுத்து நிற்கும். கோப்பைக் குறிப்பிட்டால் கேள்வி கேட்காமல் மேலெழுதிவிடும். காப்பதும் அழிப்பதும் ஒரே பெயரில் இருப்பது ஆபத்து. 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் நுயென் தாய் நொக் துய் என்ற நிரலரின் உழைப்பால் அவை பிரிந்தன: கிளைக்கு ‘ஸ்விட்ச்’, கோப்புக்கு ‘ரீஸ்டோர்’.

பெயர் தெளிந்தாலும் குணம் மாறவில்லை. ‘ஸ்டேஜ்’, ‘கமிட்’ எதன் மூலமும் கிட்டில் பதியாத திருத்தம் ரீஸ்டோரில் போனால், கிட்டால் அதை மீட்டுத் தர முடியாது. எனவே அடிக்கும் முன் ஒருமுறை ‘கிட் டிஃப்’ பாருங்கள். சந்தேகம் இருந்தால் ‘ஸ்டாஷ்’ செய்து திருத்தங்களை ஒதுக்கி வையுங்கள்.