மழை ஊர் டிவி கம்பெனி

1999இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'த வேர்ல்ட் இஸ் நாட் எனஃப்', இயக்கம் மைக்கேல் ஆப்டெட். 2005இல் வந்த நாலாவது ஹாரி பாட்டர் படம், இயக்கம் மைக் நியூவெல். இரண்டு பேரின் வாழ்க்கைக் குறிப்பையும் ஒரே ராத்திரியில் படித்தேன் (தூக்கம் வராவிட்டால் இதுதான் நம்ம வேலை). இருவரும் கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் இருவருமே 1960களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் கிரனாடா டெலிவிஷனில் ட்ரெய்னியாகச் சேர்ந்தவர்கள். போர்ன் படங்கள் எடுத்த பால் கிரீன்கிராஸும் பின்னால் அங்கே பத்து வருஷம் குப்பை கொட்டியவர். லண்டனில்கூட இல்லாத ஒரு கம்பெனியில் அப்படி என்ன இருந்தது?

1955 வரை பிரிட்டனில் டிவி என்றால் பிபிசி மட்டும்தான். அந்த வருஷம் விளம்பரங்களோடு ஐடிவி வந்தது. அது ஒரே கம்பெனி இல்லை. நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து உரிமம் கொடுத்தார்கள். வடக்கு இங்கிலாந்தின் வார நாட்கள் கிரனாடாவுக்குக் கிடைத்தன. 1956 மே 3 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. முதலாளி சிட்னி பெர்ன்ஸ்டீன் சினிமா தியேட்டர்காரர். மக்கள்தொகை மேப்பையும் மழை மேப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வடக்கைத் தேர்ந்தெடுத்தேன் என்பாராம். மழை பெய்தால் ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்களே! பாதி ஜோக்தான்.

அங்கே எழுத்து வேலையில் இருந்தவர் டோனி வாரன், சிறுவயதில் நடிகராக இருந்தவர். தனக்குத் தெரிந்த தொழிலாளர் தெருவை வைத்து ஒரு தொடர் எழுதினார். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் ஹாரி எல்டன் விடவில்லை. கட்டிடம் முழுக்க டிவிக்களை வைத்து, ஊழியர்களுக்கே போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்டார். நம்ம பாஷையில் யூசர் டெஸ்டிங். முதலில் வைத்த 'ஃப்ளோரிசெல் ஸ்ட்ரீட்' என்ற பெயர் பினாயில் பெயர் மாதிரி இருக்கிறது என்று டீ கொடுக்கும் அம்மா சொன்னதால் மாற்றினார்கள் என்றொரு கதை உண்டு. 1960 டிசம்பர் 9 அன்று 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' ஓட ஆரம்பித்தது. வாரனுக்கு வயது 24. தொடர் இன்னும் ஓடுகிறது.

என் கணிப்பில் அந்தத் தெருதான் உண்மையான பயிற்சிப் பட்டறை. வாரம் இரண்டு எபிசோட். ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமை எபிசோட் லைவ், அது முடிந்த கையோடு அடுத்ததைப் பதிவு செய்வார்கள். சொதப்பினால் சரிசெய்ய நேரமே கிடையாது. ஜாக் ரோசன்தால் அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட எபிசோட் எழுதித்தான் பெரிய நாடகாசிரியர் ஆனார். ஆப்டெட்டும் நியூவெலும் அதை இயக்கிப் பழகியவர்கள். சின்னப் பசங்களை நம்பி இப்படி விட, பின்னால் பணம் இருந்தது. தன் பகுதியில் தன் நாட்களில் டிவி விளம்பரம் விற்க வேறு ஆளே கிடையாது. அந்தச் சொகுசு 1990 ஒளிபரப்புச் சட்டத்தோடு ஆட்டம் கண்டது. உரிமம் ஏலத்துக்கு வந்தது. கிரனாடா தன் உரிமத்தைக் காப்பாற்றிக்கொண்டாலும், 2004இல் கார்ல்டனோடு இணைந்து ஐடிவி பிஎல்சி ஆகிவிட்டது.

சின்னப் பசங்களை நம்பியதற்கு விலையும் உண்டு. 1964இல் கிரனாடா 'செவன் அப்' எடுத்தது. ஏழு வயதுக் குழந்தைகள், பணக்கார வீடு, ஏழை வீடு எல்லாம் கலந்து. ட்ரெய்னி ஆப்டெட்டின் வேலை பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகளைத் தேடிப் பிடிப்பது. கையில் சில வாரம்தான். கடைசியில் நின்ற 14 பேரில் பெண்கள் நாலே பேர். ஒரே ஒரு நிகழ்ச்சிதானே, யார் கணக்குப் பார்த்தார்கள்! ஆனால் 1970இலிருந்து ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஆப்டெட்டே அவர்களைத் தேடிப் போய் எடுத்தார். நான் ட்ரெய்னியாக இருந்தபோது அவசரத்தில் எழுத்துப்பிழையோடு வைத்த ஒரு டேட்டாபேஸ் காலத்தின் பெயரை, பல வருஷம் கழித்தும் யாராலும் மாற்ற முடியவில்லை. ஆப்டெட்டிடம் இருந்தது மனிதர்கள். பெண்கள் வாழ்க்கை எவ்வளவு மாறப்போகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டோம் என்று பின்னாளில் அவரே வருந்தினார்.

2005இல் '49 அப்'. அந்த நால்வரில் ஒருவர், தன்னிடம் கேட்ட கேள்விகளுக்காகவும் தன்னைக் காட்டிய விதத்துக்காகவும் கேமரா ஓடும்போதே ஆப்டெட்டைப் பிடிபிடியென்று பிடிக்கிறார். அப்போது அவர் பாண்ட் படம் எடுத்து முடித்த பெரிய ஆள். அந்த இடத்தை வெட்டாமல் அப்படியே படத்தில் விட்டிருக்கிறார். 2019இல் '63 அப்' எடுத்தபோதும் அவரேதான் போனார். 2021 ஜனவரியில் காலமானார்.