காலி வீதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

கொழும்பில் வீதி விபத்தில் அடிபட்டவரை நெடுங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தது அந்நேரம் கைக்கு அகப்பட்ட முச்சக்கரவண்டிதான். வெள்ளவத்தையில் விழுந்தவர் களுபோவிலை ஆஸ்பத்திரிக்கும், கொட்டாஞ்சேனையில் விழுந்தவர் 1864இல் தொடங்கிய பெரியாஸ்பத்திரிக்கும் போனார்கள். ஒடுங்கிய பின் இருக்கையில் காலை மடக்கி, தலையை யாரோ மடியில் தாங்கிக்கொண்டு போகும் பயணம் அது. நல்ல மனதோடு செய்த உதவிதான். ஆனாலும் முள்ளந்தண்டு முறிந்திருந்தால் அந்தக் குலுக்கலே காலை நிரந்தரமாக முடக்கக்கூடும்.

நல்ல மனம் மட்டுமல்ல, சட்டமும் உதவி கேட்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், மோதிய சாரதி வண்டியை நிறுத்தி உதவ வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது.

முச்சக்கரவண்டிக்கு மாற்றாக, 2016 ஜூலையில் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் ‘1990 சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. பயிற்சி பெற்ற உதவியாளர் வீதியிலேயே சிகிச்சையைத் தொடங்கினார். 2018இல் அச்சேவை வடக்கையும் எட்டியது.