யந்திரத்தின் இலக்கணம் யாருக்குச் சொந்தம்?

எங்கள் ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடும். வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜவ்வாது மலையின் அடிவாரத்துக் கிராமங்களிலிருந்து ஆடுகள் வரும், கைமாறும், போய்விடும். இறைச்சி அங்கங்கே தீர்ந்துபோகும். தோல் மட்டும் நெடுந்தூரம் யாத்திரை போகும்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலிய ஊர்களின் சரித்திரமே இந்தத் தோலின் யாத்திரைதான். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட நம் தோலுக்கு வெள்ளைக்காரன் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர் வைத்திருந்தான். அது பாதிப் பக்குவத்தில் கப்பலேறிச் சீமைக்குப் போகும், அங்கே மெருகேறும், பூட்ஸாகும். தோலும் உழைப்பும் நம்முடையவை. லாபத்தில் பெரும்பங்கு கடைசிக் கைக்குப் போயிற்று. 1970களில் அரசாங்கம் பாதிப் பக்குவத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகுதான், தோலை முழுக்க முடித்துக் காலணியாகவே அனுப்பும் தொழில் இந்தப் பக்கத்தில் தழைத்தது.

கணிப்பொறியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் தோலைப் பற்றிப் பேசுகிறானே என்று வாசகர்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. கணிப்பொறியிலும் இதே யாத்திரை நடக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதை ஓட்டுவதற்குக் கைக்கு அடக்கமான விலையில், இரண்டொரு கம்பெனிகளின் பிடியில் இல்லாத ஒரு யந்திரத்தை உலகம் முப்பது வருஷங்களுக்கு மேலாகத் தேடி வந்திருக்கிறது. அந்தத் தேடலில் நம் நாட்டுக்கும், குறிப்பாகச் சென்னைக்கும், ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். கணிப்பொறியின் மூளையைச் செயலி என்கிறோம். ஒவ்வொரு செயலிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. 'இந்த இரண்டு எண்களைக் கூட்டு', 'இதை அங்கே வை', 'அங்கிருந்து தாவு' என்ற கட்டளைகளை எந்த வடிவத்தில் சொன்னால் அதற்குப் புரியும் என்பதே அந்த இலக்கணம். நமது மேஜைகளின் மீதுள்ள பெரும்பாலான கணிப்பொறிகள் இன்டெல் கம்பெனி வகுத்த இலக்கணத்தைப் பேசுகின்றன. அதில் செயலி செய்யும் உரிமை நடைமுறையில் இன்டெல், ஏஎம்டி என்ற இரண்டு கம்பெனிகளிடம் இருக்கிறது. தமிழில் நாவல் எழுதும் நான் தொல்காப்பியரின் வாரிசுகள் யாருக்கும் உரிமத் தொகை கட்டுவதில்லை. செயலி உலகத்தில் அப்படி இல்லை. இலக்கணத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அவர் சம்மதமில்லாமல் ஒரு வாக்கியம்கூட அமைக்க முடியாது.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர், தாம் வாங்கிய இன்டெல் 386 யந்திரத்துக்காகவே லினக்ஸை எழுதத் தொடங்கினார். இது 386-ன் விசேஷ குணங்களை நம்பி எழுதியது, வேறு யந்திரத்துக்கு எடுத்துப் போக இயலாது என்று அவரே அப்போது சொன்னார். அதன் மூலத்தை எல்லாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் இத்தனை சுதந்திரமும் ஒரு கம்பெனியின் வாசற்படியில் வந்து நின்றுவிட்டது.

அந்தப் படியைத் தாண்ட 1994-இல் வழி பிறந்தது. டிஜிடல் என்ற அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் ஹால், டோர்வால்ட்ஸைச் சந்தித்து, தம் கம்பெனியின் ஆல்ஃபா செயலி கொண்ட யந்திரம் ஒன்றை அவருக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். 1995 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 1.2 ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் என்ற மூன்று புதிய இலக்கணங்களையும் பேசிற்று.

இதனால் சாமானியனுக்கு என்ன லாபம்? ஆல்ஃபாவின் பிற்காலக் கதை பதில் சொல்லும். மைக்ரோசாப்டின் விண்டோஸ் என்டியும் ஆல்ஃபாவில் ஓடிக்கொண்டிருந்தது. 1999-இல் கம்பெனிகள் அதைக் கைவிட்டன. மூலம் பூட்டிக் கிடந்ததால் வாங்கியவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லினக்ஸ் வைத்திருந்தவர்களின் ஆல்ஃபாக்களோ தொடர்ந்து ஓடின. செயலியின் உற்பத்தியே நின்ற பிறகும், வேண்டியவர்கள் தாங்களாகவே திருத்தி ஓட்டிக்கொண்டார்கள். சொந்தக்காரர் கைகழுவிய பிறகும் யந்திரம் உயிரோடிருப்பது சாமானிய லாபமல்ல.

ஆனால் ஆல்ஃபா பணக்கார வீட்டுப் பிள்ளை. நடுத்தரக் குடும்பத்தார் எட்டிப் பார்க்கும் விலையில்லை. இங்கேதான் இந்தச் சரித்திரத்தின் பெரிய முடிச்சு இருக்கிறது. செயலியின் விலையை நிர்ணயிப்பது எண்ணிக்கை. ஒரு புதிய வார்ப்பைத் தயார் செய்ய ஆகும் பெருஞ்செலவு, ஆயிரம் பேர் வாங்கினால் ஆயிரம் பேர் தலையில் விழும். கோடிப் பேர் வாங்கினால் தலைக்குக் கொஞ்சந்தான் வரும். பலர் வாங்கினால் மலிவாகும். மலிவானால்தான் பலர் வாங்குவார்கள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான்.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பெங்களூரில் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. 1998-இல் எழுந்த யோசனை அது. இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் என்ற மென்பொருள் கம்பெனியாரும் சேர்ந்து கிராமத்து ஜனங்களுக்காகக் கையடக்கக் கணிப்பொறி ஒன்றை வகுத்தார்கள். அதற்குச் சிம்ப்யூட்டர் என்று பெயர். 2001 ஏப்ரலில் மாதிரி வெளியாயிற்று. அதற்குள் ஓடியது லினக்ஸ். செயலி இன்டெல் விற்றதுதான். ஆனால் மேஜைக் கணிப்பொறியின் இலக்கணம் அன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் கம்பெனியில் 1985-இல் பிறந்த ஆர்ம் இலக்கணத்தைப் பேசும் ஸ்ட்ராங்ஆர்ம் அது. வேகம் 206 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 32 மெகாபைட். எழுத்தறியாதவர்களும் பயன்பெற, இந்திய மொழிகளில் வாய்விட்டுப் பேசும். ஒரு கருவியை ஊரார் பலர் பகிர்ந்துகொள்ள ஆளுக்கொரு அட்டை. குறித்த விலை 9,000 ரூபாய்.

2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தயாராகி 'அமிதா' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது; விலை சுமார் 10,000 ரூபாயில் தொடங்கிற்று. விற்பனையோ ஆயிரங்களோடு நின்றது, லட்சங்களை எட்டவில்லை. அரசாங்கங்கள் மொத்தமாக வாங்கும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. கைப்பேசியின் விலை நாளுக்கு நாள் சரிந்து, கிராமத்தானின் சட்டைப்பையில் சிம்ப்யூட்டருக்கு முன்னே போய் உட்கார்ந்துகொண்டது. இதைச் சிலர் தோல்வி என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. அறிவிலோ அமைப்பிலோ குறை இருந்ததாகத் தெரியவில்லை. கோடிக்கணக்கான வாங்குவோர் இல்லாமல் மலிவு வராது என்ற உண்மையை அந்த முயற்சி விலை கொடுத்து நமக்குக் கற்றுத் தந்தது.

சிம்ப்யூட்டரை முந்திய கைப்பேசியே பிறகு இந்த முடிச்சை அவிழ்த்தது என்பது வேடிக்கை. கைப்பேசிகளில் ஏறிய ஆர்ம் செயலிகள் கோடிகோடியாக விற்று, தூசி விலைக்கு வந்தன. 2012 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு பலகை, 35 டாலர் விலையில் வெளியாயிற்று. அதன் செயலி பழைய ஆர்ம் வகை; டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸ் தொகுப்பின் அன்றைய வேகமான வடிவம் அதில் ஓடாது. சம்பளம் வாங்காத மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்ற இரண்டு ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை அந்தச் செயலிக்கென்று மறுபடி தொகுத்து 'ராஸ்பியன்' என்று வெளியிட்டார்கள். மலிவான பலகையைக் கம்பெனி தந்தது. அதில் உயிரை ஊதியவர்கள் இவர்கள். மூலம் திறந்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

இருந்தும் ஒரு முள் மிச்சம். ஆர்ம் இலக்கணத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. செயலி செய்கிறவன் உரிமத் தொகை கட்டியே ஆகவேண்டும்.

2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையில் கிறிஸ்டே அசனோவிச்சும் அவருடைய மாணவர்களான ஆண்ட்ரூ வாட்டர்மன், யுன்சுப் லீ இருவரும், டேவிட் பேட்டர்சனின் துணையோடு, யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இலக்கணத்தை எழுதத் தொடங்கினார்கள். ரிஸ்க்-ஃபைவ் என்பது அதன் பெயர். யார் வேண்டுமானாலும் அதில் செயலி செய்யலாம். தொகை கட்ட வேண்டாம். அனுமதி கேட்க வேண்டாம்.

இதை முன்கூட்டியே கண்டுகொண்டவர்களில் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி. காமகோடி ஒருவர். 2014 வாக்கில் அவரும் மாணவர்களும் 'சக்தி' என்ற செயலிக் குடும்பத்தைத் தொடங்கி, வரைபடங்களையே ஊரறிய வெளியிட்டார்கள். 2018-இல் அந்த வரைபடம் சில்லாகி லினக்ஸை இயக்கிக் காட்டியது. எங்கே வார்த்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில், ஓரிகானிலுள்ள இன்டெல் ஆலையில், 22 நானோமீட்டர் நுணுக்கத்தில்! அதே ஆண்டில் சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள நமது அரசாங்க ஆலையிலும் ஒரு சில்லு வார்த்தார்கள். அங்கே நுணுக்கம் 180 நானோமீட்டர்தான். எண் பெருகினால் நுணுக்கம் குறைவு என்று அர்த்தம்.

சென்னையில் சர்தார் படேல் சாலை வழியாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் 1959-இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் அங்கே அண்டை வீடுகள். தோலை முழுதும் நாமே முடிக்க வேண்டும் என்று ஒரு வீட்டில் பாடுபட்டார்கள். செயலியை நாமே வகுக்க வேண்டும் என்று அடுத்த வீட்டில் பாடுபடுகிறார்கள். இரண்டு இடங்களிலும் கேள்வி ஒன்றுதான்: கடைசிக் கை யாருடையது?

திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனத்தாரும் 'வேகா' என்ற ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்தை வகுத்து, அதன் 'தேஜஸ்32' சில்லைப் பலகையில் ஏற்றி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மாணவர்களுக்கு நல்ல கருவி. ஆனால் அதன் உள் நினைவகம் 256 கிலோபைட்தான். லினக்ஸுக்கு அது போதாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்நாட்டுச் செயலி என்ற பெயரைக் கேட்டவுடன் அது நம் மேஜைக் கணிப்பொறியின் இடத்தைப் பிடித்துவிடும் என்று யாரும் ஏமாறக்கூடாது.

லினக்ஸ் ஓடும் ரிஸ்க்-ஃபைவ் பலகைகளின் விலையும் வேகமாக இறங்கியிருக்கிறது. பெர்க்லிக்காரர்கள் தொடங்கிய சைஃபைவ் கம்பெனி 2018-இல் வெளியிட்ட பலகைக்கு 999 டாலர் விலை. 2022 இறுதியில் சீனத்து ஸ்டார்ஃபைவ் கம்பெனியின் விஷன்ஃபைவ்-2 பலகை 100 டாலருக்கும் குறைவாக வந்துவிட்டது. உரிமத் தொகை போனதோடு, போட்டியிட ஆட்களும் வந்ததன் பலன் இது.

இப்படி ஒன்று வாங்க நினைக்கும் வாசகருக்கு ஒரே ஒரு யோசனை. செயலியின் வேகத்தை விசாரிக்குமுன், அந்தச் சில்லுக்கு வேண்டிய திருத்தங்கள் லினக்ஸின் மூலத் தொகுப்பிலேயே சேர்ந்துவிட்டனவா என்று விசாரியுங்கள். சில விற்பனையாளர்கள் பழைய லினக்ஸ் ஒன்றைத் தாங்களே ஒட்டுப்போட்டு ஏற்றி அனுப்பிவிட்டு, அப்புறம் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட பலகை எவ்வளவு மலிவானாலும் இரண்டு வருஷத்தில் அலமாரிக்குப் போய்விடும். மூலத் தொகுப்பில் இடம் பெற்ற சில்லோ, விற்றவன் மறந்தாலும் வாழும். ஆல்ஃபா கற்றுக் கொடுத்த பாடம் இன்னும் பழசாகவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இலக்கணம் பொதுவுடைமை ஆகிவிட்டது, வார்ப்பாலை ஆகவில்லை. நுணுக்கமான சில்லை வார்க்க இன்றைக்கும் கடல் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. நாம் பாதிப் பக்குவத்தில் நிற்கிறோம். ஆனாலும் அன்றைய தோல் வியாபாரியைவிட ஒரு விதத்தில் நமது நிலை மேல். வரைபடம் நம் கையில் இருக்கிறது. ஓர் ஆலை மறுத்தால் இன்னோர் ஆலைக்கு எடுத்துப் போகலாம். வரைபடத்தையே இரவல் வாங்குகிறவனுக்கு அந்தத் தைரியம் வராது.

2012 டிசம்பரில் லினக்ஸின் மூலத்திலிருந்து 386 செயலிக்கான பகுதியை நீக்கிவிட்டார்கள். எந்த யந்திரத்துக்காக அது பிறந்ததோ, அந்த யந்திரத்தில் அது இன்று ஓடாது. 2025 ஆகஸ்டில் டெபியனின் பதின்மூன்றாம் பதிப்பு வெளியானபோது, ரிஸ்க்-ஃபைவ் முதன்முறையாக அதிகாரபூர்வமான பட்டியலில் ஏறிற்று. அதே பதிப்பில் 386-ன் வழிவந்த பழைய 32-பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவு தொகுப்பு நின்றுபோயிற்று. பிறந்த வீட்டை விட்டு வெளியேறிய பிறகும் லினக்ஸ் வாழ்கிறது. தன் வீட்டை யாராவது பூட்டிவிடுவார்களோ என்ற பயம் அதற்கு இல்லை. அந்த நிம்மதி ஒரு தேசத்துக்கும் வேண்டும். சேமிப்பைச் செலவழித்து முதல் கணிப்பொறி வாங்குகிற ஒரு குடும்பத்துக்கும் வேண்டும் என்பது என் எண்ணம்.